இரண்டு திருநெல்வேலிகள்: வாத்தியாரை ஆக்குவது யார்?

1

பாளையங்கோட்டைத் தெருக்களில் கல்லூரிப் பெயர்ப்பலகைகளை மட்டும் படித்துக்கொண்டு நடந்தாலே போதும், ஒரு சமய வரைபடம் கையில் வந்துவிடும். தூய யோவான், தூய சவேரியார், சாராள் தக்கர், கொஞ்சம் தள்ளி ரஹ்மத் நகரில் சதக்கத்துல்லாஹ் அப்பா. ஆற்றைத் தாண்டி மேற்கே போனால் பேட்டையில் ம.தி.தா. இந்துக் கல்லூரி. ஆசிரியர்களை உருவாக்கும் கல்வியியல் கல்லூரிகளுக்கும் இதே கதைதான். புனிதர்கள், நபிவழிப் பெரியார்கள், சாமி பெயர் கொண்ட அறக்கட்டளைகள். 'கல்வி' என்ற சொல்லுக்கு முன்னால் ஒரு சாமி நிற்காத பலகையைத் தேடினால் அரசுப் பயிற்சி நிறுவனத்துக்காக முனைஞ்சிப்பட்டிக்குப் பஸ் ஏற வேண்டியிருக்கும்.

ஓய்வு பெற்ற இடைநிலை ஆசிரியர் ஒருவரிடம் இதைச் சொன்னேன். அவர் சிரித்தார். "தம்பி, நாங்க எல்லாரும் ஒரே உளவியல் புத்தகத்தைத்தான் உருப்போட்டோம். ஒரே பரீட்சைதான் எழுதினோம். ஆனா டிரெயினிங் முடிச்சு வெளிய வரும்போது அவன் கோயில்பிள்ளை சார்வாளா வந்தான், நான் சாமி கும்பிடுத சார்வாளா வந்தேன். உள்ள போகும்போது ரெண்டு பேரும் வேலையில்லாத பயலுவதான்" என்றார். "அங்க உங்களைப் பிரிச்சா வச்சிருந்தாங்க அண்ணாச்சி?" என்று கேட்டேன். "பிரிக்கவெல்லாம் இல்ல. காலையில ஜெபம் நடக்கும்போது நாங்க நாலு பேரு வெளிய வராண்டாவுல நிப்போம். யாரும் நிக்கச் சொல்லல. உள்ள வரவும் சொல்லல. அவ்வளவுதான்" என்றார்.

அந்த வராண்டாவைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. விரட்டலும் இல்லாத, அழைப்பும் இல்லாத இடம் அது. ஆசிரியர் பயிற்சியில் சமயப் பிரிவினை என்று பேச ஆரம்பித்தாலே நம்மிடையே இரண்டு தயார் நிலைப் பதில்கள் வந்து விழும். முதலாவது, சிறுபான்மையினருக்குத் தனி உரிமை எதற்கு, எல்லாவற்றையும் 'பொது'வாக்கு என்பது. இது யாருடைய குரல் என்று இந்த இதழின் வாசகர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. இரண்டாவது நம்முடையது: சிறுபான்மை உரிமை ஆபத்தில் இருக்கிறது, இந்த நேரத்தில் உள்ளே நடப்பதைக் கிளறாதே என்பது. முதலாவது 'பொது' என்பதை ஏதோ புனிதமான, நிறமற்ற ஒன்றாகக் காட்டுகிறது. இரண்டாவது 'சிறுபான்மை' என்பதை உள்முரண்கள் ஏதுமற்ற ஒரே கட்டியாகப் பார்க்கிறது. இரண்டுமே வராண்டாவில் நிற்பவனைக் கணக்கில் எடுப்பதில்லை. இந்த இரண்டு சொற்களையும் தாமிரபரணிக் கரையில் வைத்துக் கட்டுடைத்துப் பார்க்கலாம்.

2

ஜேம்ஸ் ஹவ் 1816இல் பாளையங்கோட்டைக்கு ராணுவக் குருவாக வந்து பள்ளிகளைத் தொடங்கினார். 1820இல் ரேனியஸ் வந்தார். அவர்களுக்குத் தேவைப்பட்டவர் ஒரு விசித்திரமான ஆள்: வாரத்தில் ஆறு நாள் அரிச்சுவடி சொல்லித்தர வேண்டும், ஏழாம் நாள் ஜெபம் நடத்த வேண்டும். நெல்லைக் கிராமங்களில் 'உபதேசியார்' என்ற சொல்லுக்குள் இந்த இரண்டு வேலையும் நீண்ட காலம் சேர்ந்தே கிடந்தன. பள்ளிக்கூடத்தின் சுவரும் கோயிலின் சுவரும் ஒன்றேயாக இருந்த ஊர்கள் ஏராளம். ஐரோப்பாவில் திருச்சபை வகித்த இடத்தைப் பள்ளிக்கூடம் பிடித்துக்கொண்டது என்று அல்தூசர் 1970இல் எழுதினார். கருத்தியல் அரசு எந்திரங்களில் தலையாயது இன்று பள்ளியே என்றார். நம்மூருக்கு இந்தச் சூத்திரம் அப்படியே பொருந்தாது. இங்கே ஒன்று போய் ஒன்று வரவில்லை. இரண்டும் ஒரே ஆளின் உடம்பில் ஏறிக்கொண்டன. அந்த ஆளைத் தயாரிக்கும் பட்டறைதான் பயிற்சிப் பள்ளி.

இதை 'மதமாற்றச் சதி' என்று ஒற்றை வரியில் முடிப்பவர்கள் ஒரு எளிய கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும். 1820களில் இந்த வட்டாரத்தில் ஒரு நாடார் பையனோ, பறையர், பள்ளர் பையனோ திண்ணைப் பள்ளியில் உட்கார்ந்து படித்து, பிறகு அதே திண்ணையில் வாத்தியாராக ஏற முடிந்திருக்குமா? கோயிலுக்குள் நுழைய முடியாதவன் ஏட்டைத் தொட முடிந்திருக்குமா? சமயத்தால் பிரிந்த பயிற்சிதான் அவனுக்குக் கிடைத்த முதல் கதவு. பெண்களுக்கும் அப்படியே. இந்தியாவுக்கே வராத சாராள் தக்கர் என்ற ஆங்கிலேயப் பெண்ணின் பெயரால் 1858இல் பாளையங்கோட்டையில் பெண் ஆசிரியர்களுக்கான பயிற்சி நிறுவனம் எழுந்தது. 1895இல் அது கல்லூரியாக வளர்ந்தது. பெண் வாசித்தாலே குடும்பம் கெடும் என்றிருந்த காலத்தில், பெண்ணை வாசிக்க வைக்கும் சம்பளக்காரப் பெண் என்றொரு புதுப் பிறவியை அது ஊருக்குள் அனுப்பியது. 'டீச்சரம்மா' என்று நாம் சாதாரணமாக உச்சரிக்கும் சொல்லுக்குப் பின்னால் உள்ள வரலாறு இது.

இதுவரை மிஷன்காரர்களின் ஆண்டறிக்கை மாதிரி ஆகிவிட்டது. மறுபக்கத்தையும் சொல்லியாக வேண்டும். ரேனியஸ் தன் மாணவர்கள் சாதி பாராமல் ஒன்றாக உட்கார்ந்து உண்ண வேண்டும் என்று வைத்தபோது எதிர்ப்பு உள்ளேயிருந்தே வந்தது. 1833இல் பிஷப் டேனியல் வில்சன் சபைக்குள் சாதி கூடாது என்று சுற்றறிக்கை விட்டபோது, தஞ்சாவூரிலும் சென்னை வேப்பேரியிலும் வெள்ளாளக் கிறித்தவர்கள் கொதித்தெழுந்தார்கள். புதிய மிஷனரிகளின் சாதி எதிர்ப்பை மறுத்துத் தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியார் எழுதினார். ஞானஸ்நானத் தண்ணீர் சாதியைக் கரைக்கவில்லை. மிஷனரிகளும் தெளிவான ஆட்கள் இல்லை. நாடார்களிடையே வாழ்நாளைக் கழித்த கால்டுவெல் 1849இல் அவர்களைப் பற்றி எழுதிய நூலின் ஏளனத்தை அந்தச் சமூகம் பல தலைமுறைகளுக்கு மறக்கவில்லை. கைதூக்கி விடும் கையே தாழ்ந்தவன் என்ற முத்திரையும் குத்துகிறது. அறிவும் அதிகாரமும் ஒன்றாகவே பிறக்கின்றன என்று ஃபூக்கோ சொல்வதற்கு நாம் பாரிஸுக்குப் போக வேண்டாம், இடையன்குடிக்குப் போனால் போதும்.

இன்னொரு முரணும் உண்டு. கிறித்தவ ஆசிரியரைத் தயாரிக்கத் தமிழ் சொல்லித்தர ஆள் வேண்டுமே, அவர் யார்? இந்துப் புலவர்தான். கரையிருப்பு எச்.ஏ. கிருஷ்ண பிள்ளை வைணவ வெள்ளாளர். 1853இல் சாயர்புரத்துக்குத் தமிழ் ஆசிரியராகப் போனார். 1858இல் ஞானஸ்நானம் பெற்றார். பின்னாளில் 'இரட்சணிய யாத்திரிகம்' எழுதியவர் அவர்தான். தூய்மையான சமயப் பயிற்சி என்ற ஒன்று தொடக்க நாள் முதலே கிடையாது. சுவர் கட்டிய கொத்தனாரே அடுத்த வீட்டிலிருந்துதான் வந்தார்.

1854இன் உட் கல்வி அறிக்கை இந்த ஏற்பாட்டை அரசோடு முடிச்சுப் போட்டது. தனியார் பள்ளிகளுக்கு மானியம், ஆசிரியர்களுக்குப் பயிற்சிப் பள்ளிகள், சமயத்தில் அரசு நடுநிலை என்றது அது. இந்த 'நடுநிலை'யை உற்றுப் பார்க்க வேண்டும். மானியம் வேண்டுமானால் பயிற்சி பெற்ற ஆசிரியர் வேண்டும். பயிற்சிப் பள்ளி யாரிடம் இருக்கிறதோ மானியமும் அவர்களை நோக்கியே ஓடும். மேட்டில் நின்று மடை திறந்தவன், 'நான் யாருக்கும் தண்ணீர் விடவில்லை, அது தானாகப் பாய்கிறது' என்பது மாதிரியான நடுநிலை இது. இதற்கு எதிர்வினையாகத்தான் 1861இல் திருநெல்வேலியில் இந்துக்களுக்கான ஆங்கிலப் பள்ளி எழுந்தது. 1878இல் அது கல்லூரியாயிற்று. 'இந்து' என்பது ஒரு கல்லூரிப் பெயராக வேண்டிய அவசியம் எப்போது வந்தது என்றால், எதிரே வேறொரு பலகை நின்றபோதுதான். அடையாளங்கள் எதிரெதிர் பலகைகளாகவே எழுதப்படுகின்றன.

3

சரி, 'பொது' எப்படி இருந்தது? இந்தப் பள்ளத்தாக்கு அதற்கும் ஒரு சாட்சி வைத்திருக்கிறது. 1922இல் வ.வே.சு. ஐயர் தொடங்கிச் சேரன்மகாதேவியில் நடத்திய தமிழ்க் குருகுலம். மிஷனும் அல்ல, வெள்ளைக்காரன் மானியமும் அல்ல. தேசியக் கல்வி. தமிழ்நாடு காங்கிரஸ் பத்தாயிரம் ரூபாய் தருவதாகச் சொல்லி ஐயாயிரம் கொடுத்தது. பிராமணரல்லாதாரின் நன்கொடையும் நிறையச் சேர்ந்தது. அங்கே இரண்டு பிராமணப் பையன்களுக்குத் தனியாகச் சாப்பாடு. விஷயம் வெளியே வந்தபோது வரதராஜுலு நாயுடுவும் பெரியாரும் கேட்டது ஒரே கேள்வி: தேசத்தின் பணத்தில் நடக்கும் இடத்தில் தேசத்தின் பிள்ளைகள் ஏன் ஒரே பந்தியில் உட்காரக் கூடாது?

ஐயர் தரப்பின் பதில் இன்றைக்கும் படிக்கத் தக்கது. அந்தப் பையன்களின் பெற்றோர் கேட்டுக்கொண்டார்கள், அவர்கள் மனத்தைப் புண்படுத்தக் கூடாது. காந்தியின் சமரசமும் கிட்டத்தட்ட இதே தடத்தில் போனது: இருக்கிற பையன்கள் அப்படியே இருக்கட்டும், இனிமேல் சேர்ப்பவர்களைப் பொதுப் பந்தியில் உட்கார வை. 'மத உணர்வு', 'பெற்றோர் விருப்பம்' என்ற மென்மையான சொற்களுக்குள் சாதி எப்படிப் பத்திரமாக உட்கார்ந்துகொள்கிறது என்பதற்கு இதைவிட நல்ல பாடம் இல்லை. 1925 சூன் 3 அன்று பாபநாசம் கல்யாண தீர்த்தத்தில் மகளைக் காப்பாற்றப் போய் ஐயர் மூழ்கி இறந்தார். அந்த மரணத்தின் துக்கத்தை மதிக்கத்தான் வேண்டும். ஆனால் கேள்வி அவரோடு மூழ்கவில்லை. அந்த ஆண்டு நவம்பரில் காஞ்சிபுரத்தில் பெரியார் காங்கிரஸை விட்டு வெளியேறியபோது வகுப்புரிமைத் தீர்மானம் உடனடிக் காரணம் என்றால், சேரன்மகாதேவிப் பந்தி அதற்கு முந்தைய காரணம்.

நமக்கு இதில் உள்ள பாடம்: பலகையில் சாமி பெயர் இல்லாததால் ஓரிடம் பொதுவாகிவிடாது. உபதேசியாரை உருவாக்கிய பள்ளியில் சமயச் சுவர் கண்ணுக்குத் தெரிந்தது. குருகுலத்தில் சுவர் சமையலறைக்குள் இருந்தது. முன்னதை எதிர்ப்பது சுலபம். பின்னதை எதிர்க்கப் போனால் 'தேசியத்துக்கு விரோதி' என்ற பட்டம்.

4

இப்போது இன்னொரு திருநெல்வேலிக்குப் போவோம். யாழ்ப்பாணத்தில் நல்லூரை ஒட்டி ஒரு திருநெல்வேலி இருக்கிறது. ஊர் வாயில் அது 'தின்னவேலி'. நம்மூரை வெள்ளைக்காரன் 'டின்னவெல்லி' என்று எழுதியதை நினைத்தால் இரண்டு ஊருக்கும் நாக்கு ஒட்டுறவு இருக்கிறது. இன்று யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம் நிற்பதும் அங்கேதான்.

நாவலர் 1848இல் வெஸ்லியன் மிஷன் வேலையை விட்டு வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கினார். பள்ளி தொடங்கலாம், வாத்தியாருக்கு எங்கே போவது? ஆசிரியர் பயிற்சி பெரும்பாலும் மிஷன்காரர் கையில். உதவி நன்கொடை வேண்டுமென்றால் தராதரப் பத்திரம் வேண்டும். பத்திரம் வேண்டுமென்றால் மிஷன் கலாசாலை வாசலில் நிற்க வேண்டும். விபூதியைத் துடைத்துவிட்டுப் போய்ப் பயிற்சி எடுத்து, வெளியே வந்து மறுபடி பூசிக்கொண்டவர்களைப் பற்றி அங்கே பேசுவார்கள். இந்த அவமானத்திலிருந்துதான் 1923இல் இந்து போர்ட் பிறந்தது. அதை முன்நின்று நடத்திய சு. இராசரத்தினத்தை 'இந்து போர்ட் இராசரத்தினம்' என்றே ஊர் அழைத்தது. 1928இல் திருநெல்வேலியில் சைவாசிரிய கலாசாலை எழுந்தது. பண்டிதமணி சி. கணபதிப்பிள்ளை போன்றவர்கள் அங்கே படிப்பித்தார்கள். ஈழத்தின் தமிழ்ப் படிப்பில் ஒரு தலைமுறையை அந்த இடம் வளர்த்தது என்றால் மிகையில்லை.

பிரிவினைக்கு எதிராக எழுந்ததே ஒரு பிரிவினை. இதை எப்படிப் புரிந்துகொள்வது? மிஷன் ஏகபோகத்துக்கு எதிரான சைவரின் கோரிக்கை நியாயமானது, ஒரு வேலைக்காக ஒருவன் தன் சாமியை ஒளிக்க வேண்டியிருக்கக் கூடாது. ஆனால் 'சைவர்' என்ற சொல்லுக்குள் யார் இருந்தார்கள்? அதே 1920களின் இறுதியில், உதவி நன்கொடை பெறும் பள்ளிகளில் எல்லாச் சாதிப் பிள்ளைகளும் வாங்கில் சமமாக அமர வேண்டும் என்று வந்தபோது யாழ்ப்பாணத்தில் பள்ளிக்கூடங்களுக்குத் தீ வைத்தார்கள். வைத்தவர்கள் அந்நிய மதத்தாரில்லை. சம ஆசனமும் சம போசனமும் சைவ வெள்ளாள மேலாண்மைக்குப் பொறுக்கவில்லை. மிஷனுக்கு எதிரே நிற்கும்போது 'நாம் எல்லோரும் சைவர்', வாங்கில் உட்காரும்போது 'நீ கீழே, மண்ணில்'. கிறித்தவப் பள்ளிகளும் இதில் வெகுவாக வேறுபட்டுவிடவில்லை. பஞ்சமர் வாழ்வை எழுதிய கே. டானியலின் எழுத்தைப் படித்தவர்களுக்கு இது புதிய செய்தியல்ல.

பிறகு வந்தது அரசு. 1960 திசம்பர் தொடங்கிச் சிறிமாவோ ஆட்சி உதவி பெறும் பள்ளிகளைச் சுவீகரித்தது. ஆசிரிய கலாசாலைகளும் அதில் அடங்கின. கத்தோலிக்கர்கள் பள்ளிகளுக்குள் குடியிருந்து போராடினார்கள். இடதுசாரிகள் வரவேற்றார்கள். நாமும் அங்கே இருந்திருந்தால் வரவேற்றுத்தான் இருப்போம். ஒரே அடியில் சமயப் பிரிவினை ஒழிந்தது அல்லவா?

ஆனால் சுவீகரித்த அரசு யாருடையது என்ற கேள்வி மிச்சமிருந்தது. 1956இல் தனிச்சிங்களச் சட்டம் போட்ட அரசு அது. 1972 அரசியலமைப்பில் பௌத்தத்துக்கு முதன்மை இடம் கொடுத்ததும் அதே அரசு. மதகுருவிடமிருந்து பிடுங்கிய சாவி மக்கள் கைக்கு வரவில்லை, பெரும்பான்மையின் கைக்குப் போனது. பள்ளிகள் சிங்களம், தமிழ், முஸ்லிம் என்று மொழியாலும் மதத்தாலும் பிரிந்தே தொடர்ந்தன. ஒரே அரசு, தனித்தனி வகுப்பறை. 'எல்லாவற்றையும் பொதுவாக்கு' என்று இங்கே முழங்குபவர்களுக்குத் தின்னவேலி தரும் எச்சரிக்கை இது. பொது என்பது அரசின் முத்திரையால் கிடைத்துவிடாது. அரசைக் கைப்பற்றியவனின் முகமே பல சமயம் பொதுவின் முகமாக இருக்கிறது.

5

இந்தப் பக்கம் சட்டத்துக்கு வருவோம். அரசியலமைப்பின் 30(1) பிரிவு, சமய, மொழிச் சிறுபான்மையினர் தமக்கு விருப்பமான கல்வி நிறுவனங்களை நிறுவி நிர்வகிக்கலாம் என்கிறது. 1957 கேரளக் கல்வி மசோதாவில் தொடங்கி இதைச் சுற்றி எத்தனை வழக்குகள்! அந்த மசோதாவின் பேரால் கிளம்பிய 'விமோசன சமரம்' 1959இல் ஈ.எம்.எஸ். ஆட்சியையே கவிழ்த்தது. ஆனால் நம் விஷயத்தைத் தொடும் முக்கியமான வழக்கு குஜராத்திலிருந்து வந்தது. அங்கே ஒரு கிறித்தவச் சங்கம் தன் தொடக்கப் பள்ளிகளுக்காக ஓர் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரி நடத்தியது. அன்றைய பம்பாய் அரசு, எண்பது சதவீத இடங்களை அரசு அனுப்பும் ஆட்களுக்கு ஒதுக்கு, இல்லையென்றால் மானியமும் அங்கீகாரமும் போகும் என்றது. சித்தஜ்பாய் சபாய் வழக்கில் 1962இல் உச்ச நீதிமன்றம் அந்த உத்தரவைச் செல்லாது என்றது. பயிற்சிக் கல்லூரியைப் பிடுங்கிவிட்டால் சிறுபான்மை உரிமையின் வேரே போய்விடும் என்பதை நீதிமன்றம் புரிந்துகொண்டிருந்தது. இதில் நாம் நீதிமன்றத்தின் பக்கம்தான். எண்பது சதவீதத்தைப் பிடுங்குவது சீர்திருத்தமல்ல, அபகரிப்பு.

1974இல் ஒன்பது நீதிபதிகளும் 2002இல் டி.எம்.ஏ. பாய் வழக்கில் பதினோரு நீதிபதிகளும் உட்கார்ந்து, உரிமை உண்டு, தரத்துக்கான நியாயமான கட்டுப்பாடும் உண்டு என்று கோடு கிழித்தார்கள். 2009 கல்வி உரிமைச் சட்டம் வந்தது. 2014இல் பிரமதி வழக்கில் சிறுபான்மைப் பள்ளிகள் அனைத்துக்கும் அந்தச் சட்டத்திலிருந்து விலக்குக் கிடைத்தது. 2025 செப்டம்பர் 1 அன்று இரண்டு நீதிபதிகள் அமர்வு, பணியில் இருக்கும் ஆசிரியர்களுக்கும் ஆசிரியர் தகுதித் தேர்வு கட்டாயம் என்று தீர்ப்புச் சொன்னது. சிறுபான்மைப் பள்ளிகளைப் பொறுத்தவரை பிரமதி தீர்ப்பு சரிதானா என்ற ஐயத்தை எழுப்பி, பெரிய அமர்வின் பார்வைக்கு அனுப்பியது. பாளையங்கோட்டை ஆசிரியர் அறைகளில் இது வெறும் சட்டப் பிரச்சினையாக இல்லை. இருபது வருஷம் பாடம் நடத்தியவர்கள் மறுபடி தேர்வுக்குப் படிக்க வேண்டுமா என்ற வயிற்றுப் பிரச்சினை.

இந்த வழக்குகளின் நீண்ட சொல்லாடலில் திரும்பத் திரும்பப் பேசுபவர்கள் இரண்டே பேர்: அரசும் நிர்வாகமும். மூன்றாவது ஆள் ஒருவன் இருக்கிறான், அவன் பேசுவதே இல்லை. தலித் கிறித்தவப் பையனை எடுத்துக்கொள்ளுங்கள். 1950 குடியரசுத் தலைவர் ஆணைப்படி பட்டியல் சாதி என்ற தகுதி முதலில் இந்துக்களுக்கு மட்டும் இருந்தது. 1956இல் சீக்கியரும் 1990இல் பௌத்தரும் சேர்க்கப்பட்டார்கள். கிறித்தவரும் முஸ்லிமும் சேர்க்கப்படவில்லை. ஆக அரசு அவனிடம், 'நீ கிறித்தவன், ஆகவே பட்டியல் சாதி இல்லை' என்கிறது. சரி, கிறித்தவக் கல்வியியல் கல்லூரிக்குப் போகலாம் என்றால், 2005 திருத்தத்தில் வந்த 15(5) பிரிவு சிறுபான்மை நிறுவனங்களை இடஒதுக்கீட்டுக் கடமையிலிருந்து விலக்கி வைத்திருக்கிறது. நிர்வாகம் மனம் வைத்தால் உண்டு, இல்லையென்றால் இல்லை. சேகரத் தேர்தல் முதல் தாளாளர் நாற்காலி வரை எண்ணிக்கையும் சாதியும் என்ன வேலை பார்க்கின்றன என்பது நெல்லைச் சபைகளை அறிந்த எவருக்கும் தெரியும். அரசுக்கு அவன் கிறித்தவன், சபைக்கு அவன் சாதிக்காரன். இரண்டு கதவுக்கும் நடுவில் அதே வராண்டா. 2007இல் தமிழக அரசு கிறித்தவருக்கும் முஸ்லிம்களுக்கும் தலா 3.5 சதவீத உள்ஒதுக்கீடு கொடுத்தது. 2008இல் கிறித்தவத் தரப்பே வேண்டாமென்று திருப்பிக் கொடுத்தது. 'கிறித்தவர்' என்ற ஒற்றைப் பெட்டிக்குள் யாருக்கு லாபம், யாருக்கு நஷ்டம் என்ற விவாதத்தை அப்போதாவது நாம் உரக்க நடத்தியிருக்க வேண்டும்.

6

இதெல்லாம் பழைய கதை, இப்போது என்ன அவசரம் என்று கேட்கலாம். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு தலித் மாணவனை உடன் படித்த பையன்களே வீடு புகுந்து வெட்டினார்கள். தடுக்கப் போன தங்கைக்கும் வெட்டு. கையில் கட்டும் வண்ணக் கயிற்றை வைத்து யார் என்ன சாதி என்று பள்ளிக்குள் அடையாளம் காட்டும் மாவட்டம் இது. அரசு அமைத்த நீதிபதி சந்துரு குழு 2024 சூனில் அறிக்கை தந்தது. கயிறுகளுக்குத் தடை, பள்ளிப் பெயர்களில் சாதியை நீக்குதல், ஒரு வட்டாரத்தின் ஆதிக்கச் சாதியைச் சேர்ந்தவரை அங்கேயே கல்வி அதிகாரியாகவோ தலைமை ஆசிரியராகவோ வைக்காதிருத்தல், ஆசிரியர் பயிற்சிப் பாடத்திட்டத்தை மறுபரிசீலனை செய்தல் என்று பல பரிந்துரைகள் அதில் உண்டு.

கடைசிப் பரிந்துரையை நம்மாட்கள் யாரும் பெரிதாகப் பேசவில்லை. என் பார்வையில் அதுதான் முதன்மையானது. கயிறு கட்டிய பையனைப் பார்த்தும் பார்க்காத மாதிரிப் போகும் வாத்தியார் எங்கே தயாரானார்? பயிற்சிக் கல்லூரியில்தான். பாடத்தில் பியாஜே, ப்ரூனர் எல்லாம் படித்தார். ஆனால் மறைமுகப் பாடத்திட்டத்தை விடுதியில் படித்தார், ஜெபக் கூடத்தில் படித்தார், சரஸ்வதி பூஜையில் படித்தார், வராண்டாவில் படித்தார். 'நம்மாளு', 'அவாள்' என்ற இரண்டு சொற்களில் உலகத்தைப் பிரிக்கும் பாடம் அது. அதற்குத் தேர்வு கிடையாது. ஆனால் எல்லோரும் தேறிவிடுகிறார்கள்.

அந்தச் சமயப் பிரிவினை நேரடியாக நாங்குநேரியை உண்டாக்கியது என்று நான் சொல்ல வரவில்லை. அப்படிச் சொன்னால் அது பொய். அரசுப் பள்ளிகளிலும் கயிறு இருக்கிறது. நான் சொல்வது இவ்வளவே: தன்னைப் போன்றவர்களோடு மட்டும் படித்து, தன்னைப் போன்றவர்கள் நடத்தும் பள்ளியில் மட்டும் பயிற்சிக் கற்பித்தல் செய்து, அதே நிர்வாகத்தில் வேலைக்குச் சேரும் ஒருவருக்கு, வேறு வீட்டுப் பிள்ளையை வகுப்பில் எதிர்கொள்ளும் பயிற்சி எங்குமே கிடைப்பதில்லை. கிறித்தவ நிர்வாகம், இந்து நிர்வாகம், முஸ்லிம் நிர்வாகம் எல்லாவற்றுக்கும் இது பொது.

எனவே என்ன செய்யலாம்? 30ஆம் பிரிவில் கைவைக்க விடக் கூடாது. யாழ்ப்பாணத்து அனுபவத்துக்குப் பிறகு அதில் நமக்கு மயக்கம் வேண்டாம். ஆனால் அந்த உரிமை சிறுபான்மை மக்களுக்கானது; நிர்வாகக் குழுக்களின் குடும்பச் சொத்தல்ல. இந்த வேறுபாட்டை வெளியிலிருந்து அரசு திணிப்பதற்கு முன்னால் சபைகளுக்கும் ஜமாஅத்துகளுக்கும் உள்ளே இருக்கும் தலித்துகளும் பெண்களும் ஏழைகளும் எழுப்ப வேண்டும், நாம் அவர்களோடு நிற்க வேண்டும். சேர்க்கையிலும் நியமனத்திலும் எத்தனை பேர், எந்தப் பிரிவினர் என்ற கணக்கை ஒவ்வொரு நிறுவனமும் தானாக வெளியிடட்டும். அரசுச் சம்பளம் வாங்கும் நிறுவனத்துக்கு இதில் வெட்கப்பட என்ன இருக்கிறது?

இன்னொன்று மிகச் சாதாரணமானது, செலவில்லாதது. தேசிய ஆசிரியர் கல்விக் குழுமத்தின் 2014 விதிமுறைகள் பி.எட். படிப்பை இரண்டு ஆண்டாக்கி, இருபது வாரப் பள்ளி அனுபவத்தைக் கட்டாயமாக்கின. அதில் பாதியை வேறு நிர்வாகத்தின் பள்ளியில் செய்ய வேண்டும் என்று வைத்தால் என்ன? சவேரியாரில் படிப்பவர் மேலப்பாளையத்து முஸ்லிம் பள்ளியில் பத்து வாரம். முஸ்லிம் மாணவி கடற்கரைக் கிறித்தவப் பள்ளியில் பத்து வாரம். இந்து நிர்வாகக் கல்லூரியில் படிப்பவர் ஆதிதிராவிடர் நலப் பள்ளியில் பத்து வாரம். இதற்குச் சட்டத் திருத்தம் தேவையில்லை. எவருடைய உரிமையும் பறிபோகாது. நான்கைந்து முதல்வர்கள் ஒரு மேசையில் உட்கார்ந்து டீ குடித்தால் முடிந்துவிடும் காரியம். அந்த டீ இன்னும் குடிக்கப்படாமல் இருப்பதில்தான் எல்லாப் பிரச்சினையும் இருக்கிறது.

ஓய்வு பெற்ற அந்த ஆசிரியரிடம் இந்த யோசனையைச் சொல்லிப் பார்த்தேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "பத்து வாரமெல்லாம் எதுக்கு தம்பி? அன்னைக்கு யாராவது ஒருத்தர் வெளிய வந்து எங்ககூட வராண்டாவுல நின்னிருந்தாலே நான் வேற வாத்தியாரா ஆகியிருப்பேன்" என்றார். "நீங்க வேலைக்கு வந்தப்புறம் உங்க பள்ளிக்கூடத்துல வராண்டாவுல நின்னது யாரு அண்ணாச்சி?" என்று கேட்க நினைத்தேன். கேட்கவில்லை. இப்போது எழுதும்போது, கேட்டிருக்க வேண்டும் என்று தோன்றுகிறது.